அரைக்கிலோ பிரியமானது

போதகர் தம் பிரசங்கத்தின் மூன்றாம் வாக்கியத்தில் இருந்தபோது அவர் வாயிலிருந்து ஒரு சொல் கீழே விழுந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி எட்டி அதைப் பொறுக்கி, ஊதி மண் போக்கி, மடியில் கட்டிக்கொண்டாள். பெரிய சொல் ஒன்றும் இல்லை. மொச்சைக்கொட்டை அளவு, வெள்ளை நிறம், ஓரத்தில் கறுப்பாக ஒரு மூக்கு. போதகர் அதைத் தம் பல் என்று நினைத்தார். பேச்சை நிறுத்தாமலே நாக்கால் ஒரு சுற்று துழாவிப் பார்த்தார், இருக்க வேண்டியதெல்லாம் இருந்தது, தொடர்ந்து பேசினார். பேசப் பேசச் சொற்கள் விழுந்துகொண்டே இருந்தன. சில கடுகு போல, சில பூசணி விதை போல, சில பெயர் தெரியாத விதைகள் போல. நரகம் என்று அவர் உள்ளங்கையில் குத்திச் சொன்னபோது விழுந்தது கூழாங்கல்லாட்டம் உருண்டுபோய் ஒரு நாயின் காலடியில் நின்றது; நாய் முகர்ந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. முக்கால் மணி நேரப் பிரசங்கம் முடிவதற்குள் மேல் ஊர்ப் பெண்கள் நாலு முறம் நிறையச் சேர்த்துவிட்டார்கள். இதை முதலில் கவனித்தவர் ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தராசுக்காரர். கவனித்தாரே தவிர யாரிடமும் சொல்லவில்லை. அவர் எதையுமே யாரிடமும் சொல்கிற ஆள் இல்லை.

கீழ் ஊரிலிருந்து பார்த்தால் மேல் ஊர் நன்றாகத் தெரியும். வேதக்கோயில் வாசலில் நின்று அண்ணாந்தால் அடுப்புப் புகையைக்கூட எண்ணலாம், பத்தொன்பது. மேல் ஊர்க்காரர்கள் இந்த மண்ணுக்கு எல்லாருக்கும் முன்னால் வந்தவர்கள். கீழே வயலும் தெருவும் வருவதற்கு முன்பே மேலே காடும் கிழங்கும் அவர்களுடையதாக இருந்தன. புதன்கிழமைச் சந்தைக்குத் தேன் கொண்டு இறங்குவார்கள், உப்பு வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். பேச்சு இரண்டு ஊருக்கும் ஒன்றுதான், அவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார்கள், அவ்வளவே. கோயில் கட்டி அறுபது வருஷமாகியும் கீழிருந்து ஒருத்தர்கூட மேலே போகவில்லை என்றால் அதற்குக் காரணம் பகையும் இல்லை, பயமும் இல்லை. செங்குத்தான ஏற்றம். முட்டி போய்விடும்.

அப்போது புதிதாக வந்திருந்த போதகருக்கு முட்டியும் பலம், தொண்டையும் பலம். மைக் இல்லாமல் பேசினாலே இரண்டு தெரு தள்ளித் தொட்டிலில் கிடக்கும் குழந்தை எழுந்துவிடும். நல்ல மனுஷர், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டியின் முன்பக்கம் அவர் தோள்தான் இருக்கும். ஆனால் வாய்க்குள் ஒரு பழக்கம் இருந்தது. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை "ஆகவே பிரியமானவர்களே" என்பார். முந்தின வாக்கியத்துக்கும் பிந்தின வாக்கியத்துக்கும் ஆகவே போட எந்த முகாந்திரமும் இருக்காது, இருந்தாலும் போடுவார். கடைசி பெஞ்சில் உட்காரும் கல்லூரிப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் கோடு போட்டு எண்ணுவார்கள். ஒரு திருமணப் பிரசங்கத்தில் அறுபத்தொன்று வந்தது. அதை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை, அவரே மிஞ்சவில்லை. வந்த ஆறாம் மாதமே, "பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சொல்லாம நாம எதுக்கு இருக்கோம்?" என்று கேட்டு, மேல் ஊருக்குப் போயே தீருவது என்று முடிவு கட்டினார். கூட்டமாகக் கிளம்பப் பெயர் கொடுத்தவர்கள் இருபத்தாறு பேர். மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர்: போதகர், போதகரம்மா, ஆர்மோனியத்தைத் துணியில் சுற்றி முதுகில் கட்டியிருந்த தராசுக்காரர்.

தராசுக்காரருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கடைத்தெருவின் வளைவில், எட்டுக்கு ஆறு அடியில், தராசும் படிக்கல்லும் பழுது பார்க்கும் கடை. தேய்ந்த படிக்கல்லைத் திருப்பி, அடியிலிருக்கும் குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சரிபார்ப்பார். மூச்சு பட்டால் முள் ஆடும். இருபது வருஷம் அப்படி மூச்சைப் பிடித்ததில் பேச்சும் பிடிபட்டுப் போயிற்று என்று ஊரில் சொல்வார்கள். அவருக்குக் குன்றிமணி என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பொன் நிறுப்பது போல் ஒவ்வொரு சொல்லாக எடை போட்டுத்தான் வெளியே விடுவார் என்பதற்காக வைத்தது. அவர் அம்மாவோ நேர் எதிர். காலையில் பால் பாத்திரத்தை அடுப்பில் வைக்கும்போது தொடங்கினால் பால் பொங்குவதற்குள் மூன்று வீட்டு விவகாரம் முடிந்துவிடும். "இவன் வாயில முத்து வச்சிருக்கானா, சிந்திடும்னு பயப்படறானா? ஒரு பொண்ணு வீட்டுக்குப் போனா வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறானே!" என்று அவள் புலம்பாத நாள் கிடையாது. ஏழு பெண் பார்த்தாயிற்று. ஏழு வீட்டிலும் பெண்ணின் அப்பாக்கள் எழுந்து உள்ளே போய், "மாப்பிள்ளைக்குக் காது கேக்குமா?" என்று கேட்டார்கள்.

பிரசங்கம் முடிந்ததும் போதகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் சொன்னதை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். மேல் ஊர்க்காரர்கள் எண்பத்துமூன்று பேரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். வாய் நிறையச் சிரிப்பு, பிரியமான சிரிப்பு, ஆனால் பதில் இல்லை. கேள்விக்குறியோடு விழுந்த சொற்களை ஒரு கிழவர் பொறுக்கித் தனியாக ஒரு இலையில் வைத்தார். புரிந்ததா என்று கேட்டார் போதகர். சிரிப்பு. கோபமா என்று கேட்டார். இன்னும் பெரிய சிரிப்பு. போதகரம்மா, பாவம், பேச்சை மாற்றலாமே என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றார். அந்தப் பெண் போதகரம்மாவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், கன்னத்தைத் தடவினாள், விழுந்த சொல்லை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், பிள்ளைக் கணக்கை மட்டும் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டதற்கும் அப்படியேதான். தண்ணீர் உடனே வந்தது, பதில் வரவில்லை. பாட்டு மட்டும் விழவில்லை. தராசுக்காரர் ஆர்மோனியம் வாசிக்கப் போதகரம்மா பாடியபோது இரண்டாம் அடியிலேயே மேல் ஊர்க்காரர்கள் கூடச் சேர்ந்து முனக ஆரம்பித்துவிட்டார்கள், நான்காம் அடியில் அவர்களுக்கே உரிய ஒரு கைதட்டலும் சேர்ந்துகொண்டது. பாட்டு காற்றிலேயே நின்றது.

சாப்பாடெல்லாம் முடிந்து போதகர் ஒரு மரத்தடியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். முதல் சொல்லைப் பொறுக்கிய அந்தப் பெண் முறங்களை வரிசையாக வைத்து விதை பிரித்துக்கொண்டிருந்தாள். ஊரின் விதையெல்லாம் அவள் பொறுப்பு. எது சாம்பலில் புரட்டி வைக்க வேண்டியது, எது புகையில் தொங்க வேண்டியது, எதற்கு எறும்பு வரும் என்று அவளுக்குத்தான் தெரியும். விதைக்காரி என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள். முப்பத்தாறு வயது, இடது புருவத்தில் ஒரு தழும்பு, வாய் ஓயாது. தராசுக்காரர் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே கண்ணாடி இல்லை, விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் தராசு. எங்கே போனாலும் அது அவரோடு போகும். அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு விதையை எடுத்துத் தட்டில் வைத்தார். அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேரும் சாயங்காலம் வரை அந்த நாலு முறத்தையும் எடை வாரியாகப் பிரித்தார்கள்.

அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அதனால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. விருந்தாளி பேச்சுதான் அங்கே விழும், ஊர்க்காரர் பேச்சு விழாது என்று அவளே சொன்னாள். விழுந்த சொல்லுக்கு உடனே பதில் சொல்லிவிட்டால் அது மரியாதைக் குறைச்சல். விதைத்து, ஒரு மழை ஒரு வெயில் ஒரு பனி பார்த்து, அது என்னவாக வருகிறது என்று தெரிந்த பிறகுதான் பதில். ஐம்பத்திரண்டு சந்தை போக வேண்டும். "கேட்டதுக்குத்தாங்க பதில் இல்ல. கேக்காததை எவ்வளவு வேணாலும் பேசலாம்" என்றாள். பேசினாள். புருவத்துத் தழும்பு ஒரு கன்றுக்குட்டி முட்டி வந்தது என்றாள். தனக்குக் கல்யாணம் ஆகவில்லை, இரண்டு பேர் வந்து கேட்டார்கள், ஒருத்தன் விதைப் பானையைக் கேட்காமல் திறந்தான், இன்னொருத்தன் அவளைப் பேசவிடவில்லை என்றாள். போதகர் சொற்களில் அந்த வெள்ளை மொச்சைதான் அதிகம், ஐம்பத்துமூன்று என்று எண்ணி, "இது என்னத்துக்கு இத்தனை தடவை சொன்னாருன்னு தெரியல, ஆனா நல்ல திரட்சியா இருக்கு" என்றாள். தராசுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு மத்தியானம் போனதில்லை. இதைப் பிற்பாடு அவரே சொன்னார், அதுவும் ஒரே மூச்சில்.

கிளம்பும் நேரம் வந்தது. ஆர்மோனியத்தை முதுகில் கட்டிக்கொண்டு நாலடி நடந்தவர் திரும்பி வந்தார். நாற்பத்தொரு வருஷமாக எடை பார்த்து உள்ளேயே வைத்திருந்தது வெளியே வந்தது. "நாம ரெண்டு பேரும் சேந்து இருக்கலாமா?" என்று கேட்டார். விழுந்தது ஒரே விதை. கோலிக்குண்டு அளவு, கருஞ்சிவப்பு. அவள் குனிந்து எடுத்தாள். அன்றைக்கு அவள் பேசாதிருந்தது அந்த ஒரு நேரம்தான். தராசுத் தட்டில் அது கொள்ளவில்லை. இரண்டு தட்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள், முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போயிற்று. அவர் தராசை அவளிடமே விட்டுவிட்டு இறங்கினார்.

இறங்கும் வழியில் தராசுக்காரர், "ஒரு வருஷம் ஆகும், ஐயா" என்றார். "பத்து வருஷமானாலும் ஆகாதுப்பா" என்றார் போதகர். அத்தோடு சரி. கீழ் ஊரில் ஒரு மாதம் இதே பேச்சாகக் கிடந்தது. மேலே எல்லாரும் ஊமை என்றார்கள் சிலர். சந்தையில் உப்புக்காரனோடு வாய் கிழியப் பேரம் பேசுகிறவர்கள் எப்படி ஊமை என்றார்கள் மற்றவர்கள். போதகரம்மா நடந்ததை நடந்தபடி சொன்னார், சொல் விழுந்ததையும் சேர்த்து. சபையார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஏற்றம் ஏறினால் எதுவும் விழத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். போதகரின் குரல்தான் இறங்கிப்போயிற்று. தொட்டில் குழந்தைகள் ஞாயிறு காலையில் நன்றாகத் தூங்கின. கடைசி பெஞ்சுப் பெண்கள் எண்ணியதில் ஒரு முழுப் பிரசங்கத்துக்கு நாலு பிரியமானவர்களேகூடத் தேறவில்லை. மனசு கேட்காமல் அவர்கள் எண்ணுவதையே விட்டுவிட்டார்கள்.

தராசுக்காரர் வீட்டில் விஷயம் வெளியானது ஒரு புதன்கிழமை. அவர் எட்டாவது பெண்ணைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஏனென்று அம்மா கேட்டாள். ஒருத்தியிடம் கேட்டிருக்கிறேன், பதில் வர ஒரு வருஷம் ஆகும் என்றார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மகன் ஒரு பெண்ணிடம் கேள்வி கேட்டான் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. ஆனால் பதில் சொல்ல ஒரு வருஷம் எடுத்துக்கொள்கிறவள் என்றால் அவளும் இவனைப் போலத்தான் இருப்பாள், வீட்டில் சுவரோடுதான் பேச வேண்டும் என்று பயந்துபோனாள். அழுது, மூக்கைச் சிந்தி, கடைசியில் ஒரு கெடு வைத்தாள். ஐம்பத்திரண்டு சந்தை முடிகிற ஞாயிறு காலை வரை பார்ப்பது. அன்றைக்கு மாலை நாலு மணிக்குப் பக்கத்து ஊர் டீச்சர் வீட்டார் வருவார்கள். அதற்குள் மேலேயிருந்து பதில் வரவில்லை என்றால் அவர் தலையாட்ட வேண்டும். "தலையத்தான்டா ஆட்டணும், பேசக்கூட வேண்டாம்" என்றாள். அவர் சரியென்றார்.

கேட்கக்கூடாது என்பதால் சந்தைக்கு வரும் மேல் ஊர்க்காரர்களிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை; தேன் வாங்குகிற சாக்கில் போய்ச் சும்மா நிற்பார். ஊர்த்தலைவியே தேன் கொண்டு வருவாள், ஐம்பது வயது, குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பவள். நிற்கிறவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆகாயத்தைப் பார்த்துப் பேசுவாள். விதைக்காரி வீட்டுக் கூரையில் ஒரு கொடி ஏறியிருக்கிறது என்றாள் ஒரு வாரம். இலை ஒவ்வொன்றும் முறம் அகலம் என்றாள் ஒரு வாரம். பூ வைத்தது, ஒரே பூ, என்ற வாரம் தராசுக்காரர் மூன்று சேர் தேன் வாங்கிவிட்டார்; வீட்டில் வைக்கப் பாத்திரமில்லை. பிறகு வெயில் வந்தது. மேலே ஓடை ஊருக்கு வெகு கீழே இறங்கிவிட்டது. "பிஞ்சு பிடிச்சிருக்கு. கொடிதான் வாடுது. மொச்சைக்கே தண்ணி பத்தல" என்றாள் ஊர்த்தலைவி, அன்றைக்குச் சிரிக்காமல்.

அந்தச் சனிக்கிழமை தராசுக்காரர் கடையைச் சாத்திவிட்டு இரண்டு தகரக் குடங்களோடு மலை ஏறினார். ஓடையில் மொண்டு, ஊருக்குத் தூக்கிப்போய், கொடியின் வேரில் ஊற்றினார். திரும்ப இறங்கினார், திரும்ப ஏறினார். பன்னிரண்டு நடை. வாயைத் திறக்கவே இல்லை. இன்னொரு சொல் விழுந்தால் அதற்கும் தண்ணீர் வேண்டுமே. விதைக்காரி மட்டும் கூடவே நடந்தாள், கூடவே பேசினாள். கொடியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எறும்பு, மழை, பக்கத்து வீட்டு ஆடு, போதகரம்மாவின் பாட்டு. அதிலிருந்து பதினேழு சனிக்கிழமை போனார். தோள் காய்த்தது, கால் காய்த்தது, காயும் பருத்தது. ஒரே ஒருநாள் கல்லில் பெருவிரலை இடித்துக்கொண்டு "அம்மா!" என்று கத்திவிட்டார். பச்சை நிறத்தில் ஒரு விதை விழுந்தது. விதைக்காரி விழுந்து விழுந்து சிரித்து, அதையும் எடுத்து ஓரமாக ஊன்றிவைத்தாள்.

ஐம்பத்திரண்டாம் சந்தை முடிந்த ஞாயிறு, காலை பத்தேகால் மணிக்கு, போதகர் பிரசங்கத்துக்கு எழுந்த நேரத்தில் கோயிலின் மூன்று கதவும் ஒருசேரத் திறந்தன. மேல் ஊரே வந்திருந்தது. எண்பத்திரண்டு பேர், இடையில் பிறந்த இரண்டு குழந்தைகள். பெரியவர்கள் தலையில் கூடையும் மூட்டையும். சபையார் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். போதகர் புத்தகத்தை மூடிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்ல வேண்டியது அவர் இல்லை என்று ஊர்த்தலைவி கையமர்த்தினாள். முதலில் சின்னச் சின்னப் பதில்கள். ஒரு பெண் போதகரம்மாவிடம் போய் மூன்று வெள்ளரிக்காயை மடியில் வைத்து, "மூணு பிள்ளைங்க. மூத்தவ கொஞ்சம் வாயாடி" என்றாள். தண்ணீர் கேட்டதற்கு, இருக்கு என்று ஒரு சுரைக்காய். போதகரம்மா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். பிறகு ஊர்த்தலைவி பிரசங்கத்துக்கு வந்தாள். பாவம் என்று சொன்னது பாகலாக வந்தது. கசப்புதான், ஆனால் உடம்புக்கு நல்லது, ஆகாரத்துக்கு நடுவில் கொஞ்சம் போதும். கிருபை லேசில் முளைக்கவில்லை, நம்பிக்கை விட்டுப் போன பிறகு தானாக வந்தது, இதோ முலாம்பழம், இவ்வளவு இனிப்பை நாங்கள் கண்டதில்லை. நரகம் முளைக்கவே இல்லை. ஊறவைத்தோம், சாணத்தில் புதைத்தோம், புகையில் வைத்தோம், கல்லாட்டமே கிடக்கிறது, தப்பாக நினைக்காதீர்கள் என்று இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். போதகர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கடைசியாக ஆண்கள் மூட்டைகளை இறக்கினார்கள். வெள்ளை மொச்சை, ஓரத்தில் கறுப்பாக மூக்கு. கோயிலின் நடுப்பாதை நிறைந்து பாடகர் பெஞ்சு வரை மூட்டை. போன மழையில் கிழங்கெல்லாம் அழுகிப்போயிற்று, இந்த ஐம்பத்துமூன்று விதை மட்டும் காடு முழுக்கப் படர்ந்து காய்த்தது, அதற்கப்புறம் எண்பத்துமூன்று வயிறும் இதைத்தான் தின்றது என்றாள் ஊர்த்தலைவி. "பிரியமானவர்களேன்னு கூப்பிட்டீங்க. அது உண்மையான்னு பாக்கணும் இல்லீங்களா? பாத்துட்டோம். ஆமாங்க. நாங்க பிரியமானவங்கதான். நீங்களும்தான்." போதகருக்கு அந்தச் சொல்லைத் தாம் எப்போது சொன்னோம் என்றே ஞாபகமில்லை. படித்துப் படித்துத் தயார் செய்த சொல்லெல்லாம் கூடையில் ஒரு கைப்பிடி இருக்க, வாய்ப்பழக்கத்தில் சிந்தினது மூட்டை மூட்டையாக எதிரே நின்றது. மனுஷர் அப்படியே மொச்சை மூட்டைமேல் உட்கார்ந்து, தொட்டில் குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொள்ளும்படி, வாய்விட்டு அழுதார். அதைப்போல ஆனந்தமான அழுகையை அந்தக் கோயில் அதற்கு முன் கேட்டதில்லை.

தராசுக்காரர் ஆர்மோனியத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. எண்பத்துநான்கு பேர் வந்தும் அவர் கண்ணுக்கு ஒருத்தி மட்டும் படவில்லை. மூன்றாவது பெஞ்சில் அவர் அம்மா நான்கு மணிக்காக இஸ்திரி போட்ட புடவையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் பதில் சொல்லி முடித்த பிறகுதான் வாசலில் விதைக்காரி தெரிந்தாள். இரண்டு கையாலும் அணைத்து ஒரு பரங்கிக்காய், கருஞ்சிவப்பு, பிறந்த குழந்தை கனம். வழியெல்லாம் இளைப்பாறி வந்ததில் தாமதமாகிவிட்டது என்று கூட்டம் முழுவதற்கும் கேட்கச் சொன்னாள். நேராக வந்து காயை ஆர்மோனியத்தின் மேல் வைத்தாள். கத்தி கொண்டுவந்தவர் போதகரம்மா. தராசுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார், வெட்டினார்.

காய் இரண்டாகப் பிளந்ததும் உள்ளேயிருந்து ஓடைச் சத்தம் வந்தது. ஒரு நாய் கொட்டாவி விட்டது. தூரத்தில் போதகர் பெருமூச்சு விட்டார், போன வருஷத்துப் பெருமூச்சு. பிறகு விதைக்காரியின் குரல், அந்தச் சாயங்காலத்துக் குரல், துளி யோசனை இல்லாமல்: "ஆமா."

"அப்பவே மனசுக்குள்ள சொல்லிட்டேன்" என்றாள் விதைக்காரி. "காய்க்கத்தான் ஒரு வருஷம் ஆச்சு."

முதலில் எழுந்தவள் தராசுக்காரரின் அம்மா. பெஞ்சுகளை விலக்கிக்கொண்டு வந்து விதைக்காரியின் முகவாயைத் தூக்கிப் பார்த்தாள். "இவன் கேட்டானா? வாயத் தொறந்தா? முழுசா ஒரு வாக்கியம்?" என்றாள். ஐந்து வார்த்தை என்றாள் விதைக்காரி, அது விழுந்த இடம், உருண்ட விதம், எடைக்கு நிற்காத சங்கதி, எறும்பு வந்தது, ஆடு வந்தது, பதினேழு சனிக்கிழமை தண்ணீர் சுமந்தது எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். அம்மா நடுநடுவே குறுக்கிட்டாள், அவளும் விடவில்லை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு, ஒருத்தி சொன்னது ஒருத்திக்கு நன்றாகப் புரிந்து, கைகோத்தபடி வெளியே போய்விட்டார்கள். சுவரோடு பேச வேண்டியிருக்குமோ என்ற பயம் அம்மாவுக்கு அத்தோடு போயிற்று. மாலை நாலு மணிக்கு வந்த டீச்சருக்கும் கல்யாணத்தில் அவ்வளவு விருப்பமில்லை என்று தெரிந்தது. முலாம்பழம் சாப்பிட்டு, ஒரு படி மொச்சை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

போவதற்கு முன் மேல் ஊர்க்காரர்களும் தங்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு என்றார்கள். இந்த மலை எப்படி உண்டாயிற்று, எதையெல்லாம் தொடும் முன் அதனிடம் கேட்க வேண்டும் என்று ஊர்த்தலைவி ஒரு மணி நேரம் பேசினாள். சந்தைக்கு வந்தால் அவர்கள் வியாபாரிகள், பதில் சொன்னபோது கடன் தீர்க்க வந்தவர்கள், இப்போதுதான் விருந்தாளிகள். சிமெண்டுத் தரையில் சொற்கள் கலகலவென்று கொட்டின. கடைசி பெஞ்சுப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் பொறுக்கினார்கள். பதிலுக்கு அவசரமில்லை என்றாள் ஊர்த்தலைவி. கோயிலைச் சுற்றி இப்போது நிற்கிற பதினான்கு நிழல்மரங்களும் அன்றைக்கு விழுந்தவை. சில பதில்கள் இன்னும் காய்க்கவில்லை.

கல்யாணம் அடுத்த மாதம் நடந்தது, பாதி மேலே, பாதி கீழே. தராசுக் கடையின் பின்னாலிருந்த இரண்டு அறை வீட்டில் விதைக்காரி பேசப் பேச விழுந்துகொண்டே இருந்தது. அம்மா தினம் இரண்டு முறம் பெருக்கி எடுத்தாள், கொல்லை முழுக்கப் பச்சை. நான்காம் மாதம் ஒருநாள் பெருக்கினால் ஒன்றுமில்லை. பேச்சு குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இனிமே நீ விருந்தாளி இல்லடி" என்றாள். கல்லில் இடித்துக்கொண்டபோது விழுந்த அந்தப் பச்சை விதை அடுத்த வெயிலில் ஒரு பூசணி காய்த்தது. வெட்டினபோது, "என்னடா ராஜா?" என்று அம்மாவின் குரலே வந்தது. அவள் அதை மூன்று நாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

போதகர் வருஷத்துக்கு ஒருமுறை மேலே போய்ப் பிரசங்கம் செய்தார். குரல் பழையபடி ஏறிவிட்டது, தொட்டில் குழந்தைகள் பழையபடி எழுந்துவிட்டன. ஆனால் இப்போது ஒரு சிக்கல். பிரியமானவர்களே என்று வேண்டுமென்றே சொன்னால் விழுவது பொக்கு. நினைவில்லாமல் சொன்னால்தான் மணி பிடிக்கும். அதனால் அவர் பேசும்போது மேல் ஊர்க்காரர்கள் ஆடு வளர்ப்பு, கூரை ஒழுக்கு என்று நடுவில் ஏதாவது கிளப்பி அவர் நினைவைத் திருப்பிவிடுவார்கள். அவரைத் தங்களில் ஒருத்தராக ஆக்கிவிடாமல் கவனமாக விருந்தாளியாகவே வைத்துக்கொண்டார்கள், மொச்சை போய்விடுமே. அவருக்கும் அது தெரியும், அவருக்கு வருத்தமில்லை. அந்த மொச்சை இன்று இரண்டு ஊரிலும் எல்லா வேலியிலும் படர்கிறது. கடையில் போய் அரைக்கிலோ பிரியமானது என்றால் பேசாமல் போட்டுக்கொடுப்பார்கள்.

தராசுக்காரர் சனிக்கிழமை தவறாமல் மாமியார் ஊருக்கு ஏறுவதை விடவில்லை. மேலே வாய் திறப்பதில்லை என்ற வழக்கத்தையும் விடவில்லை. ஆறாம் வருஷம், நல்ல வெயில், ஏறி வந்த களைப்பில் ஊர்த்தலைவி வீட்டு வாசலில் உட்கார்ந்தவர் தன்னை மறந்து, "தண்ணி இருக்கா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் உறைத்தது. குனிந்து காலடியில் தேடினார். கையால் மண்ணைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

"இருக்கு, உள்ள பானையில" என்றாள் ஊர்த்தலைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "நீயே போய் மொண்டு குடி."

அவர் உள்ளே போய் இரண்டு சொம்பு குடித்தார்.